வாய் மூடாத பாஷை

திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் விலை போச்சு. பொன்னுரங்கம் இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு சந்தில் இறங்கினபோதே முதுகை நிமிர்த்திக்கொண்டார், தோளைத் தளரவிட்டார், அவசரமும் இல்லாத ஆயாசமும் இல்லாத ஒரு நடையைக் காலுக்குக் கொடுத்தார். இந்த நடை பிறவியில் வந்ததில்லை, அடி வாங்கி வாங்கி வந்தது. மலேசியாவில் சுங்கைப் பட்டாணி, அங்கே பழைய லோரிகளை ஏலம் விடுகிற செம்மண் பொட்டல், லேலோங் என்பார்கள், அந்தப் பொட்டலில் அவருக்குச் சோறு போட்ட நடை. பேச்சு முறுகும், எதிராளி இறங்க மாட்டான், உடனே எழுந்திரு, சட்டையைத் தட்டிக்கொள், நட. கொஞ்ச தூரத்தில் கூப்பிடாதவன் இன்னும் கொஞ்ச தூரத்தில் கூப்பிடுவான். 'போஸ், போஸ், மாய் சினி டூலு' என்று பின்னாலிருந்து குரல் வரும், முதல்ல இங்க வாங்க பாஸ் என்று. உண்மையான விலை அந்தக் குரலில்தான் இருக்கும். ஆனால் இது லேலோங் இல்லை. இது ஒடிசா, கட்டாக் என்கிற ஊர், அதில் ஒரு சந்து, காலை வெயில். அவர் எழுந்து வந்த கூடத்தில் பெண்டாட்டி ஜெகதா உட்கார்ந்திருக்கிறாள், மகன் லோகேந்திரன் உட்கார்ந்திருக்கிறான், மகன் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிற இதிஸ்ரீ, அவளைப் பெற்றவர்கள், தட்டில் யாரும் தொடாத இனிப்பு. சாயங்காலம் கோயிலில் இரண்டு அப்பன்மாரும் எதிரெதிரே நின்று வாக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் கல்யாணம். அந்தச் சடங்குக்கு இவர்கள் பாஷையில் நிர்பந்தொ என்று பெயர். முதல் தடவை கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார், நம்ம பாஷையில அது கழுத்தைப் பிடிக்கிறதும்மா என்று. சிரிக்காதவன் லோகேந்திரன் ஒருத்தன்தான். நேற்று ஓட்டல் அறையில் வைத்துச் சொன்னான், "அப்பா, உங்க லோரிக்கடை வேலைய நாளைக்கு அங்க காட்டாதீங்க லா. இது கெட்டுச்சுன்னா நான் உங்ககூட வீட்டுக்கு வரமாட்டேன்." மிரட்டினால் பொன்னுரங்கத்துக்குத் தெரியும், மிரட்டலுக்கு என்ன பதில் கொடுக்கிறதென்றும் தெரியும். பையன் மிரட்டவில்லை, விமான நேரம் சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் இப்போது கழுத்துக்குப் பின்னால் எறும்பு மாதிரி ஊர்கிறது. சரி, ஊரட்டும். குரல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வந்துவிட்டதா?

பெலும். மலாயில் இருக்கிற வார்த்தைகளிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், பெலும், இன்னும் இல்லை. சாப்பிட்டாச்சா, பெலும். கல்யாணம் ஆச்சா என்று ஒரு தொண்டு கிழவனைக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று சொல்ல மாட்டான், பெலும் என்பான், நாளைக்கே மாப்பிள்ளையாகப் போகிற மாதிரி. எவன் கண்டுபிடித்தானோ, மகராசன், ஒரே வார்த்தையில் இல்லைக்குள்ளே ஆமாவை ஒளித்துவைத்துவிட்டான். இதற்கு ஒடியாவில் என்னம்மா என்று இதிஸ்ரீயைக் கேட்டபோது அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்துவிட்டு "ஹேயினி, மாமா" என்றாள். ஆகலை. ஆகலை என்பது கொஞ்சம் கறார்தான், ஆனால் கவனித்தீர்களா, ஹேயினி, கடைசியில் பல் தெரிகிறது, வாய் திறந்தே இருக்கிறது. அன்றைக்கு அவருடைய சாப்பாட்டு மேசையில், நெத்திலிக் குழம்புக்கு முன்னால் அவர் கண்டுபிடித்த சங்கதி அது. மலாய் வாயைச் சாத்துகிற பாஷை. பசார் என்றால் சந்தை, சாத்தியாச்சு. ஜாலான் என்றால் ரோடு, சாத்தியாச்சு. டூடோக், எலோக், தக்டாக், கடையின் இரும்புக் கதவைக் கீழே இழுத்துவிட்ட மாதிரி டக்கென்று தொண்டைக்குள் ஒரு பூட்டு. ஒடியா சாத்தாது. எந்த வார்த்தையை எடுத்தாலும் கடைசியில் ஒரு ஒ, ஒரு இ, ஒரு உ, காற்று வந்து போகிற மாதிரி திறந்தே கிடக்கும். உட்காருங்க என்பதற்கு மலாய்க்காரன் டூடோக் என்பான், பேச்சு முடிந்தது, நாற்காலியும் நீயுமாச்சு. ஒடியாக்காரர் பொசொந்து என்பார், சொல்லி முடித்த பிறகும் அவருடைய உதடு உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவும் நம்முடைய அ எல்லாம் அவர்கள் வாயில் ஒ ஆகிவிடும், மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு உருட்டுகிற மாதிரி. இதிஸ்ரீ பினாங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த பெண். அவளை அவர் முதலில் பார்த்ததே ராத்திரிச் சந்தையில், ரம்புத்தான் குவியலுக்கு முன்னால், "கூராங்கொ சிக்கிட்டொ, அபாங்கொ" என்று அவள் விலை குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது. மலாய்க்காரனின் பூட்டையெல்லாம் திறந்து திறந்து வைத்துக்கொண்டு போகிற ஒரு மலாய். பழக்காரன் சிரித்துச் சிரித்தே விலையை விட்டான். லோகேந்திரன் பக்கத்தில் பயந்துபோய் நின்றான், அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று. அப்பன் அங்கேயே, ரம்புத்தான் முள் கையில் குத்த, முடிவு பண்ணிவிட்டார், இந்தப் பெண்தான் என்று. அப்படிப்பட்டவர் இப்போது எதற்காக இந்தச் சந்தில் நடந்துகொண்டிருக்கிறார்?

கால் வலிக்கிறது. வலது சுண்டுவிரல். அடிபம்பைத் தாண்டும்போதுதான் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். இது அவருடைய செருப்பு இல்லை. அவருடையது கறுப்பு ரப்பர், படகு மாதிரி அகலம். இது பழுப்புத் தோல், ஒடுங்கலாக, விரலை நெருக்கிக்கொண்டு. வாசலில் கிடந்த வரிசையில் கோபத்தோடு கோபமாகக் காலை விட்டதில் சம்பந்தியாக வேண்டிய மனுஷனின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். திரும்பிப் போய் மாற்றலாமா? போகலாம், போய் வாசலில் குனிந்து செருப்பைத் தேடலாம், மானத்தையும் அங்கேயே தேடலாம். நடடா. செலிப்பார் என்பான் மலாய்க்காரன், சாத்தியாச்சு. சொப்பொலொ என்பார்கள் இங்கே, திறந்து கிடக்கிறது. காலை மட்டும் கடிக்கிறது. கோபம் எப்போது வந்தது? அதுதான் வேடிக்கை, கோபமே வரவில்லை. வரவழைத்தார். அவருக்குக் கோபம் கிடங்கில் இருக்கிற சாமான், வேண்டும்போது எடுத்துப் பூட்டலாம். பேச்சு இப்படித்தான் போயிற்று: அவர் மலாயில் சொல்வார், இதிஸ்ரீ அதை ஒடியாவில் அப்பாவுக்குச் சொல்வாள், அவர் ஒடியாவில் பேசுவதை மலாயில் இவருக்குத் தருவாள். கல்யாணப் பெண்ணே தன் கல்யாணத்துக்குத் தரகு. அவள் அப்பா குளமணி, இந்த ஊரில் வெண்கலப் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர், கையை மடியில் வைத்துக்கொண்டு நீளமாகப் பேசினார், ஆறு மெதுவாக வளைகிற மாதிரி, அதை இதிஸ்ரீ வாங்கி, "பாப்பா சொல்றாங்க, கல்யாணம் பொண்ணு வீட்லதான், எங்க முறை" என்று ஒரு வரியில் வைத்தாள். அப்பா என்பதற்கு இரண்டு பாஷையிலும் பாப்பாதான், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. முறை தெரிந்ததுதான். பொன்னுரங்கம் விமானம் ஏறும்போதே அதற்குச் சம்மதித்துவிட்டவர், மனசுக்குள். கல்யாணம் இங்கே, பிறகு ஊரில் ஒரு விருந்து, லேலோங் ஆட்களுக்கெல்லாம் ஆட்டுக்கறி. அவர் விரும்பினது அவ்வளவுதான். ஆனால் விரும்பினதை முதல் வாயிலேயே சொல்கிறவன் உண்டா? இறங்கி வர ஒரு மேடு வேண்டாமா? அதனால் சொன்னார், "கல்யாணம் எங்க ஊர்ல, சுங்கைப் பட்டாணியில. இல்லாட்டி பேச்சே இல்ல." ஜெகதா தலையைத் திருப்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இதிஸ்ரீ அதை ஒடியாவில் சொன்னாள். குளமணி ஒரே ஒரு கேள்வி கேட்டார், சின்னதாக. அவள் அதை மலாயில் இவரிடம் வைத்தாள், இவர் கற்றுக்கொடுத்த சந்தைப் பேச்சிலேயே, "பாப்பா கேக்கறாங்க, இது ஹார்கா மாத்தியா, மாமா?" ஹார்கா மாத்தி என்றால் செத்த விலை, அதற்கு மேல் அசையாத விலை. லேலோங்கில் எல்லாருமே மாத்தி என்றுதான் ஆரம்பிப்பார்கள், எத்தனை செத்த விலை எழுந்து உட்கார்ந்து தேநீர் குடித்ததை அவர் பார்த்திருக்கிறார். "மாத்தி" என்று சொல்லிவிட்டு எழுந்தார், சட்டையைத் தட்டினார். இப்போது யோசித்தால், கல்யாண வீட்டில், இனிப்புத் தட்டுக்கு முன்னால், செத்தது என்ற வார்த்தை. அந்த வார்த்தையை அவள் அப்பாவுக்கு எப்படிச் சொல்லியிருப்பாள்? சொன்னாளா? அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டார். கூப்பிட்டார்களா? பெலும், பெலும்.

ஆனால் மனசு பாருங்கள், இந்த நேரத்திலும் குதிக்கிறது, பயத்தோடு சேர்ந்து குதிக்கிறது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான், தூக்கமே சரியாக இல்லை, காதில் வார்த்தைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன, பழைய இரும்புக் குவியலைக் கிளறும்போது துருவுக்கு அடியில் அசல் பாகம் பளிச்சென்று தெரிகிற மாதிரி. கெப்பாலா என்றால் மலாயில் தலை. இங்கே கொபாளொ என்கிறார்கள், நெற்றியைத் தொட்டுக் காட்டி, விதிக்கும் அதே சொல். வார்ப்படம் ஒன்று, ஓடின ரோடு வேற! சூக்கா என்றால் அங்கே பிடிக்கும் என்று அர்த்தம், இங்கே சுகொ என்றால் சுகம். பாசா என்றால் இங்கே பாஷை, பஹாசா என்றால் அங்கே பாஷை, நடுவில் ஒரு ஹ மட்டும், கடல் தாண்டும்போது மூச்சு வாங்கினதாக இருக்கும். ஜாகா என்றால் அங்கே காவல், எங்கள் எஸ்டேட்டில் காவல்காரனுக்கே ஜாகா என்றுதான் பெயர். இங்கே ஜொகிபா என்றால் காவல் காப்பது, காவல்காரன் ஜொகுஆளி. ஜொகா என்றால் இவர்களுடைய சாமி ஜகன்னாதருக்குச் செல்லப்பெயர், வீட்டில் எவர் தும்மினாலும் ஜொகா, கதவு முட்டினாலும் ஜொகா, ஒவ்வொரு தடவையும் ஜெகதா யாரோ தன்னைக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து பார்க்கிறாள். அப்புறம் அந்த ள. குளமணி என்கிற பெயரில் இருக்கிற ள. ஐம்பது வருஷம் மலாய்க்காரனோடும் சீனனோடும் பழகி ஒருத்தன் வாயிலும் ள வந்து பார்த்ததில்லை. இங்கே விமான நிலையத்தில் அந்த மனுஷன் கையைக் கூப்பி "குளொமொணி" என்றபோது, நாக்கு மடிந்து மேலே போய் இறங்கின அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, தொலைந்த திருகாணி கிடைத்த மாதிரி. அதன் அர்த்தம் நம்ம குளம் இல்லப்பா, குலம் என்று லோகேந்திரன் சொன்னான். அர்த்தம் யாருக்கு வேண்டும், ள இருக்கிறதே. அன்றைக்குச் சாயங்காலம் மகாநதிக் கரைக்குக் கூட்டிப்போனார் குளமணி. தண்ணீரைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார், இதிஸ்ரீ சுருக்கினாள், "இங்கிருந்துதான் அந்தக் காலத்தில கப்பல் உங்க பக்கம் போச்சாம். இது கலிங்கம். உங்க ஊர்ல நம்மாளுங்களைக் கூப்பிடற பேர்கூட இதிலேர்ந்து வந்ததுதானாம்." கெலிங், அங்கே தமிழனை ஏசுகிற பெயர். பொன்னுரங்கம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். பதினேழு வயசில், அலோர் ஸ்டார் பட்டறையில், எண்ணெய் வழிகிற கையோடு நின்றபோது ஒருத்தன் அந்தப் பெயரைத் துப்பினான், டயர் கழற்றுகிற கம்பியை அவன்மேல் வீசிவிட்டு இவர் வேலையை விட்டு ஓடினார், அதற்குப் பிறகும் எத்தனை சண்டை, எத்தனை சட்டை கிழிசல். எங்கே பிறந்தது அந்த வார்த்தை, யார் பெற்றுப் போட்டது என்று கோபம் கோபமாகத் தேடினது, கடைசியில் பார்த்தால் இந்த அமைதியான ஆற்றங்கரையில், வேட்டி கட்டின ஒரு பாத்திரக் கடைக்காரர் அதைத் தம் குலப்பெருமை மாதிரி கையில் வைத்து நீட்டுகிறார், பாருங்கள், நாம் ஏற்கெனவே உறவு என்று. அடிக்கக் கை எழவில்லை. சிரிப்பும் வரவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்காக நான் வாங்கின அடியை உங்களிடம் ஒரு நாள் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், அதற்கு ஒடியா போதவில்லை. சொல்லுவேன், சம்பந்தியான பிறகு சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டார். ஆன பிறகு. ஆகாவிட்டால்?

சளப். பின்னால் ஒரு சத்தம். சளப், சளப். அகலமான ரப்பர் செருப்பு, போட்டிருக்கிற காலைவிடப் பெரிய செருப்பு, குதிகாலில் அடிக்கிற சத்தம். அவருடைய செருப்பு. வந்துவிட்டான், வந்துவிட்டார், இறங்கிவிட்டார். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டார். இப்போது திரும்பினால் இத்தனை நடையும் வீண். குரல் வரட்டும். குரல் வந்த பிறகும் உடனே நிற்கக் கூடாது, ரெண்டாவது குரலுக்குத்தான் நிற்க வேண்டும். நடையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினார், தூரம் குறையட்டும் என்று. சளப், சளப், ஒரு மூச்சு வாங்குகிற சத்தமும் கூட. கூப்பிடுங்க ஐயா. ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்க. பாபு என்று கூப்பிடுங்க, பாய் என்று கூப்பிடுங்க, செருப்பைக் கொடுடா திருட்டுப்பயலே என்றாவது கூப்பிடுங்க, திறந்த வாய்தானே உங்க வாய், ஒரு வார்த்தை விழக் கூடாதா அதிலிருந்து. சத்தம் நின்றது. அவரும் மூச்சை நிறுத்தினார். பிறகு சளப் சளப் பக்கவாட்டில் எங்கோ திரும்பி, தேய்ந்து, இல்லாமலே போய்விட்டது. சந்தில் சைக்கிள் மணி, யார் வீட்டிலோ கடுகு தாளிக்கிற வாசனை, ஒரு மாடு. அவ்வளவுதான்.

சந்து முடிகிற இடத்தில் தேநீர்க் கடை, எதிரே ஆற்றங்கரை ரோடு. கால் அங்கே போய்த் தானாக நின்றது. கடைக்காரன் எண்ணெய்ச் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "பொசொந்து, பாபு" என்றான். பொன்னுரங்கம் உட்கார்ந்தார், சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான், அந்தப் பிடிவாதம் மட்டும் இன்னும் மிச்சம் இருந்தது. "சா?" என்றான். "டிக்கே சீனி கொம்", சீனி கொஞ்சம் கம்மியாக, என்று தன் வாயிலிருந்து ஒடியா வந்ததைக் கேட்டு அவருக்கே ஒரு கிளுகிளுப்பு, அந்தக் கிளுகிளுப்புக்குப் பின்னாலேயே பயம் முழுசாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஏனென்றால் இப்போதுதான் முந்தாநாள் ஞாபகம் வருகிறது. குளமணியின் கடை. வெண்கலத் தட்டு ஒன்றைக் கையில் வாங்கிச் சுண்டிப் பார்த்தார் பொன்னுரங்கம், கோயில் மணி மாதிரி நின்று பேசியது. "கேத்தே?" என்று கேட்டார், எவ்வளவு என்று, விளையாட்டாக. குளமணி தட்டைத் தராசில் வைத்து, ஒரு விலை சொன்னார். இவர் பாதியைச் சொன்னார். குளமணி சிரித்தார், தலையை ஆட்டினார். இவர் விளையாட்டுக்கு எழுந்து கடை வாசல்வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், குளமணி தட்டை வைக்கோலில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சொம்பு காட்டிக்கொண்டிருக்கிறார். "பாப்பா கடையில ஒரே விலைதான் மாமா," என்றாள் இதிஸ்ரீ. "யாரும் பேரம் பேச மாட்டாங்க. அப்பாவுக்குப் பேசவும் தெரியாது." அப்போது எல்லாரும் சிரித்தார்கள். பேரம் தெரியாத மனுஷன். ஒரே விலை சொல்கிற மனுஷன் அடுத்தவன் சொல்கிற விலையையும் அப்படியே நம்பிவிடுவான். முதல் விலை என்று ஒன்று உண்டு, அது பொய், அது மேடு, அதிலிருந்து இறங்கத்தான் ஏறினேன் என்று அந்த ஆளுக்கு யார் சொல்வது? லேலோங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று இந்த ஒருத்தருக்குத் தெரியாது. அவருக்கு மாத்தி என்றால் மாத்திதான். செத்தது என்று சொல்லிவிட்டுப் போனவனை எதற்குக் கூப்பிடுவார்? தட்டை வைக்கோலில் சுற்றியிருப்பார். ஒரு பெண்ணின் கல்யாணத்தை வைக்கோலில் சுற்றி, சத்தம் வராமல் அலமாரியில். அப்படியானால் அந்தச் சளப் சளப்? அவர் வேறு எங்கோ போகிறார், கோயிலுக்குப் போகிறார், சாயங்காலச் சடங்கு வேண்டாம் என்று சொல்லிவரப் போகிறார். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு.

தேநீர் வந்தது, குடிக்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற விமானத்தில் பக்கத்து இருக்கை காலி. சாப்பாட்டு மேசையில் இதற்கு உங்க பாஷையில் என்னம்மா என்று கேட்க ஆள் இல்லை. ஜெகதா ஒரு வார்த்தை திட்ட மாட்டாள், அதுதான் பெரிய தண்டனை, தட்டை வைப்பாள், எடுப்பாள். எழுந்து ஓடிவிடலாமா, ஓடிப்போய், நான் சொன்னது முதல் விலை ஐயா, கடைசி விலை இல்லை என்று சொல்லிவிடலாமா, ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாதே, திரும்பினால் விலை போச்சே, எந்த விலை, யாருக்கு, எவன் விற்கிறான் இங்கே? அப்போதுதான் அந்தக் குடை, எங்கிருந்தோ, சம்பந்தமே இல்லாமல், மனசுக்குள் வந்து நின்றது. முதல் நாள் ஆற்றங்கரைக்குக் கிளம்பினபோது குடையை மறந்துவிட்டார்கள். இதிஸ்ரீயின் அம்மா கேட்டருகில் குடையோடு நின்றாள், ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், இவர்கள் அடிபம்பைக்கூடத் தாண்டவில்லை. போடவில்லை. பின்பக்கக் கதவு வழியாகப் புழக்கடைச் சந்தில் ஓடி, சுற்றிக்கொண்டு, இவர்களுக்கு முன்னால் தெருமுனையில் வந்து நின்று குடையை நீட்டினாள், மூச்சு வாங்க. "என்னம்மா இது, ஒரு குரல் கொடுத்தா ஆகாதா?" என்று கேட்டார். இதிஸ்ரீ சொன்னாள், "வாசப்படி தாண்டினவங்கள பின்னாலேர்ந்து கூப்பிட மாட்டோம் மாமா. போற காரியம் கெட்டுப்போகும்." ஜெகதா உடனே, "எங்க வீட்லயும் அப்படித்தான், உங்க மாமாவுக்குத்தான் எதுவும் கிடையாது" என்றாள். பொன்னுரங்கம் எழுந்துவிட்டார். தேநீர் விரலில் சிந்தியது, சுட்டது, தெரியவில்லை. பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். நான் எத்தனை தூரம் நடந்தாலும், பினாங்குவரைக்கும் நடந்தாலும், பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். கோபத்தில் போகிறவனுக்கும் காரியம் கெடக் கூடாது என்று நினைக்கிற ஜனங்கள். அந்தக் குரலுக்காகத்தானே நான் காதை முதுகில் கட்டிக்கொண்டு

சளப். இந்தத் தடவை முன்னால். ஆற்றங்கரை ரோட்டிலிருந்து, வெயிலுக்கு எதிராக, கறுப்பு ரப்பர் செருப்பு இரண்டு, படகு மாதிரி, அதற்குள் நீந்துகிற மாதிரி இரண்டு ஒல்லிக் கால்கள். வேட்டி ஓரமெல்லாம் புழக்கடைச் சந்தின் சேறு. குளமணி வந்துகொண்டிருந்தார், நெற்றியில் வேர்வை, ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு. நேரே வந்து, முகத்துக்கு முகம் நின்றார். மொழிபெயர்க்க இதிஸ்ரீ இல்லை. இரண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். செருப்புக்குத்தான் வந்திருக்கிறார் என்று பொன்னுரங்கத்தின் பழைய புத்தி ஒரு தடவை சொல்லிப் பார்த்தது, கடைசித் தடவையாக. குளமணி மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார். "சொமுதி" என்றார். மூன்று நாளாகப் பாபு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர். மலாயில் பெசான், சாத்தியாச்சு. தமிழில் சம்பந்தி. சொமுதி. அந்த இ காற்றில் அப்படியே திறந்து நின்றது, இவர் உள்ளே வரட்டும் என்று. பிறகு குளமணி மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார், இவருக்குத் தெரிந்த ஒடியாவாகப் பொறுக்கி, "ஹெவு. மலேசியா. ஆமே ஆசிபு." சரி. மலேசியா. நாங்க வர்றோம். சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார், விலையை முழுசாக எண்ணி வைத்துவிட்டவர் மாதிரி. கண் மட்டும் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. தன் வீட்டு வாசலில் பந்தல் போடாமல் பெண்ணைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கட்டிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டார், இவர் விளையாட்டுக்குச் சொன்ன முதல் விலைக்கு, ஒரு வார்த்தை பேரம் பேசாமல்.

வாழ்நாள் முழுக்க இதற்காகத்தான் ஏங்கினார் பொன்னுரங்கம், சொன்ன விலையை ஒருத்தன் அப்படியே கொடுக்க வேண்டும் என்று. கிடைத்ததும் நெஞ்சில் பிடித்த மாதிரி இருந்தது. "நாஹிங், நாஹிங்" என்றார், இல்லை, இல்லை என்று. சத்தம் அதிகமாகிவிட்டது, கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். குளமணியின் முகம் வெளுத்தது, இன்னும் என்ன கேட்கப் போகிறான் இவன் என்று. பொன்னுரங்கம் வார்த்தை தேடினார். மலாய் முன்னால் வந்து நின்றது, தள்ளினார், தமிழ் வந்தது, தள்ளினார். கையை நீட்டிச் சந்தைக் காட்டினார், சந்தின் அந்தக் கோடியில் இருக்கிற வீட்டைக் காட்டினார், இப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். அவர் தள்ளிவிட்டு வந்த கேட் அப்படியே திறந்து கிடந்தது, யாரும் சாத்தவில்லை, வாசலில் ஜெகதாவும் அந்த அம்மாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள், ஒருத்தரும் ஒரு குரல் கொடுக்காமல். "பாஹாகொரொ எயிட்டி," என்றார். கல்யாணம் இங்கேதான். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து இன்னொரு தடவை, மார்பில் கையை வைத்துக்கொண்டு, "எயிட்டி, சொமுதி, எயிட்டி." குளமணி புரியாமல் பார்த்தார். "மலேசியா?" என்றார் மறுபடியும், விட்டுக்கொடுத்ததைத் திருப்பி வாங்க மனசில்லாதவராக. "நாஹிங்." "ஆமே ஆசிபு, சொமுதி." "நாஹிங் ஐயா, எயிட்டி." இரண்டு பேரும் விடவில்லை, ஒருத்தர் மலேசியா என்கிறார், ஒருத்தர் கட்டாக் என்கிறார், ஒருத்தர் மற்றவருக்காக. கடைக்காரன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை பார்த்திராத ஒரு பேரத்தைப் பார்த்தான். தம் ஆயுசிலேயே முதல் தடவையாகக் கீழே இறங்க அடம்பிடித்த பொன்னுரங்கம்தான் கடைசியில் ஜெயித்தார். பிறகு இரண்டு பேரும் சந்தில் வீட்டைப் பார்த்து நடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில், செருப்பை மாற்றிக்கொள்ள இருவருக்குமே தோன்றவில்லை, ஒருத்தர் நொண்டிக்கொண்டும் ஒருத்தர் சளப் சளப்பென்றும்.